பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5: எந்த அறிகுறிக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

எம்எக்ஸ்-5 காருக்கு அடியில் ஆயில் சொட்டினால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட் ஈரமாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். முதலாவதற்குப் பெரும்பாலும் ஒரு ரப்பர் வளையம் போதும். இரண்டாவது உங்களை வெல்டிங் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தும். இது தெரியாத காலத்தில், ஆயில் சொட்டியது என்பதற்காக ஒரு நல்ல வண்டியை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பளபளவென்று பெயின்ட் அடித்திருந்த ஒரு துருப்பெட்டிக்கு முன்பணம் கொடுக்கவும் இருந்தேன்.

ஊரில் மாஸ்டா என்றால் ஸ்வராஜ் மாஸ்டா வேன்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இது வேறு. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான வண்டி. இரண்டே சீட், துணிக் கூரை, ரியர் வீல் டிரைவ், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. 1997 வரை வந்த முதல் தலைமுறையை என்ஏ என்றும், 1998 முதல் 2005 வரை வந்ததை என்பி என்றும் சொல்வார்கள். ஹெட்லைட் தவளைக் கண் போல மேலே எழும்பினால் என்ஏ. எழும்பாமல் முகத்திலேயே பதிந்திருந்தால் என்பி. ஜப்பானில் ஈயுனாஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்ற இதே காரை இங்கிலாந்துக்குப் பழைய வண்டியாக நிறையப் பேர் இறக்குமதி செய்தார்கள். ஸ்டியரிங் வலப்பக்கமே இருப்பதால் அதில் சிக்கல் இல்லை. என்னிடம் இருப்பதும் அப்படி வந்ததுதான்: 1992 மாடல், 1.6 லிட்டர் என்ஜின். கீழே சொல்வது பெரும்பாலும் இங்கிலாந்து மழையில் ஓடும் என்ஏ பற்றியது. என்பி மாறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

கார்ப்பெட் ஈரம், கண்ணாடியின் உள்பக்கம் ஆவி

வண்டியைப் பார்க்கப் போனதும் பானெட்டைத் திறக்காதீர்கள். சீட்டை முன்னால் தள்ளிவிட்டு, அதன் பின்னால் மேடை மாதிரி இருக்கும் இடத்தில் கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், இரண்டு பக்கமும். அப்புறம் கால் வைக்கும் தரை. ஈரம் கைக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். நனைந்த கோணிச் சாக்கின் வாடை அது.

"கூரையைத் திறந்து வைத்திருந்தேன், மழை பிடித்துக்கொண்டது" என்று விற்பவர் சொல்லலாம். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். அது ஊறிக் கறுத்திருந்தால், ஒரு நாள் மழையின் வேலை இல்லை.

தண்ணீர் எப்படி வருகிறது என்றால், கூரையில் விழும் மழைநீர் பின்விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் வாய்க்காலில் சேர்கிறது. சீட் பெல்ட் பொருத்தியிருக்கும் இரண்டு தூண்களுக்குப் பின்னால் ஆளுக்கொரு குழாய் உண்டு. அதன் வழியாக இறங்கிப் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் கொட்ட வேண்டும். இலைச் சருகும் மண்ணும் சேர்ந்து குழாயை அடைத்துவிட்டால், மொட்டை மாடிக் குழாய் அடைத்த கதைதான். நின்ற தண்ணீர் வழிந்து கார்ப்பெட்டுக்கு வரும். கதவுக்குக் கீழே பெட்டி மாதிரி ஓடும் சட்டத்துக்குள்ளும் இறங்கும். அந்தச் சட்டத்தை இங்கே சில் என்பார்கள். துரு அங்கே உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே தெரியும்போது உள்ளே தின்று முடித்திருக்கும்.

சோதிப்பது எளிது. கூரையைப் பாதி தளர்த்திக்கொண்டு, அந்த வாய்க்காலில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் உடனே ஒழுக ஆரம்பிக்க வேண்டும். ஒழுகவில்லை என்றால் அடைப்பு. அடைப்பெடுக்க, புல்வெட்டும் மெஷினில் போடும் தடித்த நைலான் நரம்பு போதும். மெல்ல நுழைத்துச் சுழற்றினால் சருகு கரைந்து இறங்கும். கம்பியால் குத்தக் கூடாது. கம்ப்ரசர் காற்றும் வேண்டாம். குழாய் உள்ளே கழன்றுவிட்டால் அப்புறம் எல்லாத் தண்ணீரும் நேராக உள்ளேதான். நான் வருஷத்துக்கு இரண்டு தடவை இதைச் செய்கிறேன். ஒன்று இலையுதிர் காலம் முடிந்ததும்.

அடுத்தவர் வண்டியில் தண்ணீர் ஊற்றச் சங்கடமாக இருக்கும்தான். கேட்டுவிட்டு ஊற்றுங்கள். அவர் முகம் போகிற போக்கே பாதி பதில்.

குழாய் சரியாக இருந்தும் ஈரம் வந்தால் கூரைத் துணியின் மடிப்புக் கிழிசல்களையும், கதவுக் கண்ணாடி வந்து உட்காரும் ரப்பரையும் பாருங்கள். என்ஏ கூரையின் பின் ஜன்னல் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். அதன் ஜிப்பை அவிழ்த்துத் தட்டையாகப் படுக்க வைத்த பிறகே கூரையை மடிக்க வேண்டும். அவசரத்தில் அப்படியே மடித்தவர்களின் வண்டியில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். குளிர்காலக் காலையில் மடித்தால் கோடு இருக்காது, விரிசலே இருக்கும்.

பின்சக்கரத்துக்கு முன்னால் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது

மேலே சொன்ன கதையின் இரண்டாம் பாகம் இது. கதவின் பின்விளிம்புக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில், சில் முடியும் மூலையில் குனிந்து பாருங்கள். இரண்டு மூன்று கொப்புளம் தெரிந்தால் அதன் பின்னால் கைப்பிடி அளவு ஓட்டை இருக்கலாம். அதற்காகப் பேரம் பேசலாம், ஆனால் டச்சப் பெயின்ட் செலவை வைத்து அல்ல. தகடு வெட்டி ஒட்டும் செலவை வைத்துப் பேசுங்கள்.

கொப்புளமே இல்லாமல், வண்டியின் மற்ற இடங்கள் மங்கி அந்த மூலை மட்டும் புதுசாக மின்னினால் இன்னும் மோசம். பட்டி வைத்துத் தேய்த்திருப்பார்கள். சட்டைப்பையில் ஒரு சின்ன காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் கீறாமல் இருக்க மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். தகட்டில் ஒட்டும், கனமான பட்டியில் ஒட்டாது. விரல் முட்டியால் தட்டினாலும் தெரியும். தகரச் சத்தம் சட்டென்று மந்தமாகும் இடம்தான் பட்டி.

பார்க்கப் போவதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இங்கிலாந்தில் மூன்று வயதைத் தாண்டிய காருக்கு வருடாந்தரச் சோதனை கட்டாயம், எம்ஓடி என்பார்கள். பதிவு எண்ணைக் கொடுத்தால் பழைய சோதனை முடிவுகளை அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் "சில் பகுதியில் துரு, ஆனால் பலவீனமாகவில்லை" என்ற வகைக் குறிப்பு ஒரு வருஷம் வந்து, அடுத்த வருஷமும் வந்து, மூன்றாவது வருஷம் திடீரென்று காணாமல் போயிருந்தால், வெல்டிங் செய்த பில்லைக் கேளுங்கள். பில் இல்லை என்றால் கறுப்புத் தார் பூசி மறைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

என்பி வாங்குபவர்கள் இன்னொரு இடமும் பார்க்க வேண்டும். முன்பக்கம், என்ஜினுக்கு இரு புறமும் நீளவாக்கில் ஓடும் சேஸிஸ் சட்டங்களின் முன்முனை. அங்கே இரண்டடுக்குத் தகட்டுக்கு நடுவில் தண்ணீர் தங்கித் துரு பிடிக்கிறது. சில்லைவிட இது கஷ்டமான வேலை. ஜாக்கி போட்டு, டார்ச் அடித்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்க்காமல் என்பி வாங்காதீர்கள்.

ஜாக்கி என்றதும் ஒன்று: துருப்பிடித்த சில் விளிம்பில் ஜாக்கியை வைத்தால் வண்டி தூக்காது, விளிம்புதான் உள்ளே போகும். முன்னால் சப்ஃபிரேம் என்னும் குறுக்குச் சட்டத்தின் நடுவிலும் பின்னால் டிஃபரன்ஷியலுக்கு அடியிலும் டிராலி ஜாக்கியைக் கொடுப்பதுதான் பழக்கம். தூக்கிய பிறகு ஸ்டாண்டு வைக்காமல் உள்ளே தலையைக் கொடுக்காதீர்கள்.

என்ஜினின் பின்பக்கம் ஆயில், கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டு

வாங்கிய முதல் வருஷம் எனக்கு இது வந்தது. ஒரு பட்டறையில் காட்டினேன். கீழிருந்து பார்த்தவர், கிராங்க் ஷாஃப்டின் (என்ஜினின் முக்கியச் சுழல்தண்டு) பின் ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இறக்குவதோடு கிளட்சையும் மாற்றிவிடலாம் என்றார். காரின் விலையில் கணிசமான பங்கைக் கூலியாகக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அந்த யோசனைதான் காப்பாற்றியது.

ஆயில் கீழே சொட்டுகிறது என்பதால் கீழேதான் கசிகிறது என்று இல்லை. 1.6 என்ஜினில் சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், காருக்குள் இருப்பவரைப் பார்த்தபடி, கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்லும் கேம் ஆங்கிள் சென்சார் செருகியிருக்கிறது. அதைச் சுற்றி ஓர் ஓ-ரிங். முப்பது வருஷச் சூட்டில் அந்த ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும். ஆயில் அங்கே கசிந்து, ஹெட்டின் பின்சுவர் வழியாக இறங்கி, கியர்பாக்ஸின் வாயில் வந்து சொட்டும். கீழிருந்து பார்த்தால் அச்சு அசலாகப் பின் சீல் போனது போலவே தெரியும்.

உறுதி செய்ய, என்ஜின் ஆறிய பிறகு பின்பக்கச் சுவரை டீகிரீசர் போட்டுத் துடைத்து, இருபது மைல் ஓட்டிவிட்டு, சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்து மேலிருந்து பாருங்கள். சென்சாருக்கு அடியில் ஈரம் மினுங்கினால் திருடன் அகப்பட்டான். சென்சார் காய்ந்திருந்து அதற்கு மேலே ஈரம் இருந்தால் கேம் கவர் கேஸ்கெட். அதுவும் பெரிய செலவு இல்லை. இரண்டும் காய்ந்திருந்தும் கீழே சொட்டினால்தான் பின் சீலைச் சந்தேகிக்க வேண்டும்.

மாற்றும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தச் சென்சாரைத் திருப்பித்தான் இக்னிஷன் டைமிங் (பொறி விழும் நேரம்) வைக்கிறார்கள். கழற்றுவதற்கு முன் சென்சாரின் உடம்புக்கும் ஹெட்டுக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரே போல்ட், 12 எம்எம். இடம் இறுக்கம், கை முழுக்கக் கீறல் விழும். உள்ளே இருக்கும் நாக்கு மையத்திலிருந்து சற்று விலகியிருப்பதால் தலைகீழாகப் பொருந்தாது, அந்தப் பயம் வேண்டாம். புது ஓ-ரிங்கில் கொஞ்சம் ஆயில் தடவி, கோட்டுக்கு நேராக வைத்து முடுக்குங்கள். கோடு அழிந்துவிட்டால் டைமிங் லைட் வேண்டும்: பானெட்டுக்குள் இருக்கும் டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி என்ற இரண்டு முனைகளை ஒயரால் இணைத்து, ஐட்லிங்கை 850 சுற்றில் வைத்து, 10 டிகிரி பார்க்க வேண்டும்.

அந்தப் பட்டறைக்காரர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. வேறு எந்தக் காராக இருந்தாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கும்.

பிக்கப் குறைந்துவிட்டது, முன் புல்லி தள்ளாடுகிறது

இது நேர் எதிர். பார்க்கச் சின்ன விஷயம், உண்மையில் பெரிது.

1989 முதல் 1991 நடுப்பகுதி வரை வந்த 1.6 என்ஜின்களில் கிராங்க் ஷாஃப்டின் முன்மூக்கு குட்டையானது. அதில் உட்காரும் பல்சக்கரத்தையும் புல்லியையும் ஒரு சாவித்துண்டும் ஒரு போல்டும் பிடித்திருக்கின்றன. டைமிங் பெல்ட் மாற்றும்போது யாராவது அந்தப் போல்டைச் சரியான அளவுக்கு முடுக்காமல் விட்டால், பல்சக்கரம் நூலிழை அளவு ஆட ஆரம்பிக்கும். ஆட ஆட, சாவி உட்காரும் பள்ளம் தேயும். பள்ளம் தேய்ந்தால் கேம் ஷாஃப்ட் பின்தங்கும். இக்னிஷன் சிக்னலும் கேமிலிருந்துதானே வருகிறது? அதனால் வால்வும் பொறியும் சேர்ந்தே தாமதமாகும். வண்டி ஓடும், ஆனால் மேட்டில் மூச்சு வாங்கும். பிளக், ஒயர், ஃபில்டர் எல்லாம் மாற்றியும் தேறாது.

என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது முன்னால் நின்று டார்ச் அடித்துப் புல்லியைப் பாருங்கள். நேராகச் சுழல வேண்டும். சைக்கிள் சக்கரம் கோணியது போல ஆடினால், ஒன்று புல்லியின் ரப்பர் பிரிந்திருக்கிறது (சின்னச் செலவு), அல்லது மூக்கு தேய்ந்திருக்கிறது. எந்த என்ஜின் என்று தெரிந்துகொள்ள, ஆஃப் செய்துவிட்டுப் புல்லியின் நடுப்பகுதியில் பள்ளங்களை எண்ணுங்கள். நான்கு என்றால் குட்டை மூக்கு. எட்டு என்றால் பின்னால் வந்த நீள மூக்கு. இந்தக் கவலை இல்லை. என் 1992 மாடலில் எட்டு.

நான்கு இருக்கிறது என்பதற்காக மட்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். முப்பது வருஷம் தாண்டியும் ஒன்றுமே ஆகாத குட்டை மூக்குகள் ஏராளம். பெல்ட் எப்போது மாற்றினார்கள், புது போல்ட் போட்டார்களா என்று கேளுங்கள். தேய்மானம் லேசாக இருந்தால் சுத்தம் செய்து, புதுச் சாவியும் போல்டும் போட்டு, இடைவெளியை லாக்டைட் 660 என்ற பசையைக் கொண்டு நிரப்பும் வைத்தியம் ஒன்று இந்தக் கார்க்காரர்களிடையே பிரபலம். பலருக்குப் பல வருஷம் தாங்கியிருக்கிறது. பள்ளம் அகன்று போயிருந்தால் வேறு என்ஜின் தேடுவதுதான் மலிவு.

பெல்ட் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 60,000 மைலுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். என்ஏ என்ஜின்களில் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளாது. நடுரோட்டில் நிற்பீர்கள், அவ்வளவுதான். அதனால் "பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாது" என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், ஓடிவிட வேண்டாம். பிந்திய என்பி 1.8 என்ஜின்களில் இந்தத் தைரியம் வேண்டாம். வாட்டர் பம்ப்பைக் கழற்ற எப்படியும் பெல்ட்டை எடுத்தாக வேண்டும் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் தையல் மெஷின் மாதிரி டிக் டிக்

என்ஏ என்ஜினில் வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தமே பார்த்துக்கொள்கிறது. நிறுத்தி வைத்தால் ஆயில் வடிந்து, திரும்ப நிரம்பும் வரை சத்தம் போடும். சில நிமிடங்களில் அடங்கினால் பேசாமல் ஓட்டுங்கள். சூடான பிறகும் தொடர்ந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, நீண்ட தூரம் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிஷக் கடைத்தெரு ஓட்டம் மட்டுமே பார்த்த வண்டிகளில்தான் இது அதிகம். அடியிலிருந்து கனமாக டொக் டொக் என்று வந்தால் அது வேறு ஜாதிச் சத்தம். அதைக் கேட்டால் சாவியை விற்பவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.

கிளட்ச் பெடல் தரையோடு போகிறது, கியர் விழ மறுக்கிறது

கிளட்ச் தட்டு போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பானெட்டுக்குள் கிளட்ச் திரவக் குப்பியைப் பாருங்கள். கறுப்பாக, மட்டம் குறைந்திருக்கும். பெடலின் அழுத்தத்தைத் திரவம் வழியாக வாங்கிக் கிளட்சை விலக்குவது ஸ்லேவ் சிலிண்டர். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் போல்ட் போட்டிருக்கும் அதுதான் இந்தக் காரில் அடிக்கடி போவது. அதன் ரப்பர் உறையின் ஓரத்தை விரலால் விலக்குங்கள். திரவம் வழிந்தால் முடிந்தது. புதுசு மலிவு; கியர்பாக்ஸை இறக்க வேண்டியதே இல்லை.

ஸ்லேவ் மாற்றிய சில மாதங்களில் மேலே பெடலோடு இணைந்திருக்கும் மாஸ்டர் சிலிண்டர் கசிய ஆரம்பிப்பது வழக்கம். இரண்டையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. திரவக் குழாயிலிருந்து காற்றெடுக்கும் அதே வேலையை இரண்டு தடவை செய்தேன்.

பெடல் சரி, ஆனால் முதல் சில மைலுக்கு இரண்டாவது கியர் மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால், இது இந்த கியர்பாக்ஸின் சுபாவம். சூடானதும் சரியாகும். கியர் லீவரைச் சுற்றிச் சூடும் சத்தமும் மேலே வந்தால், அடியில் உள்ள ரப்பர் உறைகள் கிழிந்திருக்கின்றன. அதை மாற்றும்போது லீவர் உட்காரும் கிண்ணத்தில் தனி ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது கியர்பாக்ஸ் ஆயிலோடு சேராத, சிறிதளவு ஆயில். பெரும்பாலான வண்டிகளில் வற்றிப் போயிருக்கும். ஊற்றிய அன்றே கையில் வித்தியாசம் தெரியும்.

ரேடியேட்டரின் மேல்பகுதி பழுப்பு நிறம்

புதிதில் அந்தப் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பு. வயதாக ஆகப் பச்சை கலந்த பழுப்பாகிவிடும். பழுப்பு என்றால் பிளாஸ்டிக் நொறுங்கத் தயாராகிவிட்டது என்று பொருள். கசிவு வரும் வரை காத்திருக்காதீர்கள். கசிவு வராது, ஒரு நாள் நீளமாகப் பிளந்துகொள்ளும். ஹெட் அலுமினியம், கூலன்ட் இல்லாமல் இரண்டு மைல் ஓட்டினால் வளைந்துவிடலாம். புது ரேடியேட்டரோடு ஹோஸ்களும் தெர்மோஸ்டாட்டும். இதில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள்.

சிக்னலில் நின்றதும் ஆஃப் ஆகிறது, அல்லது ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஜெர்க்

இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நிற்கும்போது ஆஃப் ஆவது காற்றுப் பிரச்சினை. 1.6 என்ஜினில் ஏர் ஃபில்டர் பெட்டியில் காற்றை அளக்கும் மீட்டர் இருக்கிறது. அங்கிருந்து என்ஜின் வரை போகும் ரப்பர் குழாயில் விரிசல் இருந்தால் அளக்காத காற்று உள்ளே போகும். குழாயின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். வெளியே நன்றாக இருப்பதுபோல் தெரியும், மடிப்பின் உள்ளே கீறியிருக்கும். குழாய் நன்றாக இருந்தால் ஐட்லிங் வால்வில் கார்பன். கூலன்ட் மட்டம் குறைந்து உள்ளே காற்றுக்குமிழி சிக்கினாலும் ஐட்லிங் ஏறி இறங்கும்.

மழை நாளில், பாதி ஆக்சிலரேட்டரில் வெட்டி வெட்டி இழுத்தால் மின்சாரப் பிரச்சினை, பெரும்பாலும் பிளக் ஒயர்கள். இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து என்ஜினை ஓட்டிப் பார்த்தால் ஒயரிலிருந்து நீலப் பொறி தாவுவது சில சமயம் கண்ணுக்கே தெரியும். கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், ஆள் எகிறிவிடுவீர்கள். ஒயர் மாற்றியும் போகவில்லை என்றால்தான் ஹெட்டின் பின்னால் இருக்கும், பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் காயில்.

ஒரு கண் திறந்து ஒரு கண் மூடி

ஹெட்லைட் ஒன்று எழும்பாமல் நின்றால் கையாலேயே தூக்கலாம். என்ஏவில் ஒவ்வொரு மோட்டாரிலும் ரப்பர் மூடிக்கு அடியில் கையால் சுற்றும் ஒரு திருகு உண்டு. ஹெட்லைட் மோட்டார்களுக்கான ரிட்ராக்டர் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் திருகைத் தொட வேண்டும். இல்லையென்றால் மோட்டார் திடீரென்று விழித்துக்கொண்டு விரலை நசுக்கும். இருட்டுவதற்குள் சுற்றி மேலே நிறுத்திவிட்டால் வீடு வந்து சேரலாம். காலையில் கனெக்டரைச் சுத்தம் செய்து, கீல்களில் கிரீஸ் போட்டுப் பாருங்கள்.

60 மைல் வேகத்தில் ஸ்டியரிங் நடுக்கம்

லேசான வண்டி என்பதால் எல்லாமே கைக்குத் தெரியும். முதலில் டயர் வயது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2312 என்றால் 2012ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இந்தக் கார்கள் வருஷத்தில் ஆறு மாதம் ஷெட்டில் தூங்குவதால் பட்டன் தேயாமலேயே ரப்பர் கட்டையாகிவிடும். புது டயர், நல்ல பேலன்ஸிங், அப்புறம் அலைன்மென்ட்.

அலைன்மென்ட்டில்தான் வம்பு. சஸ்பென்ஷன் கைகளின் கோணத்தைத் திருத்தும் போல்ட்கள் புஷ்ஷுக்குள் துருப்பிடித்து ஒன்றாகிவிடும். கடையில் "முன்பக்கம் மட்டும் செய்தோம்" என்பார்கள். அதற்கு அர்த்தம் பின்பக்கப் போல்ட் அசையவில்லை என்பதுதான். ஒரு வாரம் முன்னாலிருந்தே தினமும் துருநீக்கும் ஆயில் அடித்துவிட்டுக் கொண்டுபோனால் பாதி அசையும். மீதியை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஹேண்ட்பிரேக் கூரை வரை வருகிறது

கேபிளை இழுத்துக் கட்டாதீர்கள். எல்லோரும் முதலில் செய்யும் தவறு அதுதான். சரிசெய்யும் இடம் பின் காலிப்பரில் (சக்கரத்தின் பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இருக்கிறது. ஹேண்ட்பிரேக்கை இறக்கி, காலிப்பரின் பின்னால் 14 எம்எம் மூடி போல்டைக் கழற்றினால் உள்ளே 4 எம்எம் ஆலன் கீ நுழையும் திருகு தெரியும். சக்கரம் பிடிக்கும் வரை வலப்பக்கம் திருப்பி, மூன்றில் ஒரு சுற்று பின்னால் விடுங்கள். இரண்டு பக்கமும் இதே மாதிரி. திருகு அசையவே இல்லை, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஓடிய பிறகு கொதிக்கிறது என்றால் காலிப்பர் இறுகிவிட்டது. சறுக்கும் பின்களைச் சுத்தம் செய்து பாருங்கள், இல்லையேல் மாற்றுங்கள்.

ஆயில் பிரஷர் முள் தாவுகிறது, மைல் கணக்கு இடிக்கிறது

1994 வரையிலான வண்டிகளில் முள் உண்மையான அழுத்தத்தைக் காட்டும். சூட்டில் இறங்கி, வேகத்தில் ஏறும். 1995 முதல் அது வெறும் சுவிட்ச். நடுவில் நின்றபடியே இருக்கும். அதனால் பழைய மாடலில் முள் ஆடுகிறது என்று பயப்படவோ, பிந்தியதில் அசையாமல் நிற்கிறதே என்று மகிழவோ காரணமில்லை. பழையதில் முள் திடீரென்று அடியில் விழுந்தால் என்ஜினை அணைத்துவிட்டு, ஆயில் மட்டம் பாருங்கள். மட்டம் சரி, சத்தமும் இல்லை என்றால் பெரும்பாலும் அழுத்தத்தை அளந்து முள்ளுக்கு அனுப்பும் சென்சார்தான் கெட்டிருக்கும். சந்தேகம் இருந்தால் வேறு கேஜ் மாட்டி அளந்த பிறகு ஓட்டுங்கள்.

ஈயுனாஸ் வண்டிகளின் மீட்டர் ஜப்பானில் கிலோமீட்டரில் ஓடியது, 180 வரைதான் எண் இருக்கும். இங்கே வந்த பிறகு மைலுக்கு மாற்றியிருப்பார்கள். எம்ஓடி வரலாற்றில் ஒரு வருஷம் எண் சட்டென்று குறைந்தாலோ எகிறினாலோ அலகு மாறிய வருஷமாக இருக்கலாம். 1.6ஆல் வகுத்துப் பார்த்துப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் விற்பவரிடம் கேளுங்கள்.

டிக்கியின் வலது மூலையில் துரு

பேட்டரி அங்கேதான் இருக்கிறது. தொழிற்சாலையில் வந்தது மூடிய வகை. வாயு போக இரண்டு மெல்லிய குழாய்கள் தரை வழியாக வெளியே போகும். யாராவது பணம் மிச்சம் பிடிக்கச் சாதாரணப் பேட்டரியை வைத்து, குழாய்களைத் தொங்கவிட்டிருந்தால் அமில வாயு டிக்கித் தரையைத் தின்றிருக்கும். கம்பளத்தைத் தூக்கி, பேட்டரியின் அடித்தட்டையும் தூக்கிப் பாருங்கள். வெள்ளைப் பொடி என்றால் பேக்கிங் சோடா கரைத்துக் கழுவி, துரு சுரண்டி, பெயின்ட் அடித்து, சரியான பேட்டரியைக் குழாயோடு பொருத்துங்கள். விரல் உள்ளே போனால், அதையும் சில்லையும் ஒரே வெல்டரிடம் ஒரே நாளில் கொடுத்துவிடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் கூலி இரண்டு தடவை.